அத்தியாயம் 5: முகம் கொடுத்துப் பேசுவது

அறை சுத்தமாக இருக்கிறது, ஏசி ஓடுகிறது, இட்லி சூடாக வருகிறது. இருந்தும் விருந்தினர் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். அவர் எழுதியதைப் படித்தால் அறையைப் பற்றி ஒரு குறையும் இருக்காது. "ரிசப்ஷனில் இருந்தவர் எடுத்தெறிந்து பேசினார்" என்று இருக்கும்.

இந்த அத்தியாயம் ரிசப்ஷன், ரெஸ்டாரண்ட், ஹவுஸ்கீப்பிங் என்று விருந்தினரை நேரில் பார்க்கும் எல்லா ஊழியர்களுக்குமானது. மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி போன்ற ஒரு தெருவில் இருக்கும் நடுத்தர லாட்ஜை மனதில் வைத்துக்கொண்டு உதாரணங்களைத் தந்திருக்கிறோம். உங்கள் ஹோட்டல் ஏற்காட்டில் இருந்தாலும் கன்னியாகுமரியில் இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆளைக் கவனியுங்கள், அடுத்து வழியைச் சொல்லுங்கள், விதியைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலான சண்டைகள் இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் வருகின்றன.

கொஞ்சம் அடிப்படை

உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. ஹோட்டல் வேலைக்கு அதில் நான்கு திறமைகள் போதும்: தன் மனநிலையை அறிவது, அதைக் கட்டுக்குள் வைப்பது, எதிரில் இருப்பவரின் மனநிலையைக் கணிப்பது, அதற்கேற்ப நடந்துகொள்வது.

சேவைத் தரத்தை அளக்கவும் ஒரு முறை உண்டு. சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான பரசுராமன், சைதாமல், பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்டது. அதில் ஐந்து அம்சங்கள்: கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னதைச் செய்யும் நம்பகம், உடனே செயல்படுவது, நம்பிக்கை தரும் பேச்சும் அறிவும், விருந்தினரின் நிலையை உணர்ந்து நடப்பது. முதல் அம்சத்துக்குப் பணம் வேண்டும். மற்ற நான்கும் பெருமளவுக்கு உங்கள் கையில் இருக்கின்றன.

ஷிப்டுக்கு முன்: ஐந்து நிமிடத் தயாரிப்பு

1. சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். பசியோடு கவுண்டரில் நிற்பவருக்குப் பொறுமை சீக்கிரம் போய்விடும். டீ மட்டும் குடித்துவிட்டுக் காலை ஷிப்டைத் தொடங்காதீர்கள்.

2. உங்கள் மனநிலைக்கு ஒரு பெயர் கொடுங்கள். "வீட்டில் சண்டை, எரிச்சலாக இருக்கிறேன்" என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பெயர் வைத்த எரிச்சல் விருந்தினர் மேல் பாய்வது குறையும்.

3. லாக் புக்கைப் படியுங்கள். நேற்றிரவு எந்த அறையில் என்ன புகார், எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று பாருங்கள். 204இல் தங்கியவர் ஏசி பற்றி இரவு ஷிப்டில் இரண்டு முறை சொல்லியிருப்பார். காலையில் நீங்கள் "என்ன சார் பிரச்சினை?" என்று மூன்றாம் முறை கேட்டால் அவர் வெடிக்கத்தான் செய்வார்.

4. இன்றைய நெருக்கடியை முன்கூட்டியே கணியுங்கள். முகூர்த்த நாளா, சித்திரைத் திருவிழாவா, தண்ணீர் லாரி தாமதமா, லிஃப்ட் பழுதா? கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

5. ஒரு சக ஊழியரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். "நான் கையைத் தூக்கினால் நீ வந்து நில்லு" என்று பேசிவையுங்கள். இதன் பயன் கீழே பாதுகாப்புப் பகுதியில் தெரியும்.

வந்தவரைக் கவனிப்பது

விருந்தினர் வாசலைத் தாண்டி கவுண்டருக்கு வருவதற்குள் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். பார்க்க வேண்டியவை:

- பெட்டியும் உடையும்: கசங்கிய உடை, பெரிய பெட்டிகள், தூங்கி வழியும் பிள்ளைகள் என்றால் இரவுப் பயணம். உட்கார இடமும் தண்ணீரும் முதலில் வேண்டும்.
- கண் போகும் இடம்: திரும்பத் திரும்ப மணி பார்ப்பவருக்கு அவசரம். அவரிடம் ரெஸ்டாரண்ட் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பதிவு விவரங்களைப் பிறகு வாங்க உங்கள் ஹோட்டல் விதி இடம் தருகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
- குரல்: வழக்கத்தைவிடத் தாழ்ந்து, ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் களைப்போ கவலையோ இருக்கலாம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் நிறைய. "எதுக்கு வந்திருக்கீங்க?" என்று துருவாமல் "ஏதாவது தேவைன்னா 9 அமுக்குங்க, நான் இருக்கேன்" என்று சொல்லி விடுங்கள்.
- கூட வந்தவர்கள்: முதியவர் இருந்தால் லிஃப்ட் பக்கம் அறை, கைக்குழந்தை இருந்தால் வெந்நீர் பிளாஸ்க். கேட்பதற்கு முன் தருவது நினைவில் நிற்கும்.

எச்சரிக்கை: இது கணிப்புதான், தீர்ப்பாக்கிவிடாதீர்கள். முகம் இறுகியிருக்கிறது என்பதால் அவர் கோபக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு கேள்வி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உடை, நிறம், பேசும் மொழி, ஊர், சாதி, மதம் ஆகியவற்றை வைத்து மரியாதையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே கூடாது.

ஜோடியாக வருகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பது இன்னும் பல லாட்ஜ்களில் நடக்கிறது. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறியிருக்கிறது. இருவரும் வயது வந்தவர்களா, அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு எதுவும் உங்கள் வேலை அல்ல.

ஒரு காட்சி: காலை 5.45, செக்-இன் பகல் 12

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது.

வழக்கமாக நடப்பது இது:

"ரூம் புக் பண்ணியிருக்கோம். சாவி குடுங்க."

"செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான் சார். மெசேஜ்லயே போட்டிருக்கோமே."

"அதுவரைக்கும் இந்த வயசானவங்கள வச்சிட்டு ரோட்டுலயா நிக்கிறது?"

"ரூல்ஸ் அப்படித்தான் சார், நாங்க என்ன பண்றது?"

இதில் ஊழியர் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் ஆளைப் பார்க்காமல் விதியை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அதே நிலைமையை இப்படிக் கையாளலாம்:

"வாங்க சார். ராத்திரி வண்டியில வந்தீங்களா? பாட்டிம்மா, நீங்க முதல்ல சோபாவுல உட்காருங்க. தம்பி, அஞ்சு பேருக்கும் தண்ணி கொண்டா."

"ரூம் ரெடியா இருக்கா?"

"உங்க பேர்ல ரூம் இருக்கு சார், அதுல சந்தேகமே வேண்டாம். இப்ப அதுல ஆள் இருக்காங்க. எட்டரைக்கு ஒரு ரூம் காலியாகுது. க்ளீன் பண்ணி ஒன்பதே காலுக்குள்ள தர்றேன். அதுவரைக்கும் ரெண்டு வழி இருக்கு. மாடியில பொது பாத்ரூம்ல வெந்நீர் வருது. குளிச்சிட்டு, பெட்டியை க்ளோக் ரூம்ல வச்சிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம், காலையில கூட்டம் குறைவா இருக்கும். உள்ள செல்போன் விடமாட்டாங்க, பெட்டியிலயே பூட்டிட்டுப் போங்க. பாட்டிக்கு நடக்க முடியலைன்னா ஆட்டோ சொல்றேன். இல்லைன்னா இங்கேயே ஓய்வெடுங்க, காபி அனுப்புறேன்."

இரண்டாவது உரையாடலில் என்ன நடந்தது என்று பாருங்கள். பன்னிரண்டு மணி என்ற விதியை ஊழியர் வாயே திறந்து சொல்லவில்லை. பயணக் களைப்பைக் கவனித்தார். பாட்டியைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார். "அறை கிடைக்காதோ" என்ற பயத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்தார். கடிகார நேரம் சொன்னார். இரண்டு வழி கொடுத்துத் தேர்வை விருந்தினரிடம் விட்டார். செலவு ஐந்து காபி.

குறிப்பு: ஒன்பதே கால் என்று சொன்னால் ஒன்பதே காலுக்குள் சாவி கையில் இருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங்கிடம் கேட்காமல் நேரம் சொல்லாதீர்கள். கேட்டதோடு பத்து நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள். முன்னதாகக் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

புகார் வந்தால்: ஆறு படிகள்

காலை ஆறு மணி. 307ஆம் அறையில் கீசர் வேலை செய்யவில்லை. விருந்தினர் ஏழரை முகூர்த்தத்துக்குப் போக வேண்டும். இண்டர்காமில் கத்துகிறார்.

1. ஒரு மூச்சு விடுங்கள். கத்தலைக் கேட்டதும் உங்கள் தோள் இறுகும், குரல் உயரும். மூச்சை மெதுவாக விட்டுவிட்டுப் பேசுங்கள். அந்த இரண்டு நொடியில்தான் சண்டையா சமாதானமா என்பது முடிவாகிறது.

2. முழுதாகக் கேளுங்கள். இடையில் மறிக்காதீர்கள். "சரிங்க", "ம்" என்று மட்டும் சொல்லி, அறை எண்ணையும் பிரச்சினையையும் எழுதிக்கொள்ளுங்கள். நேரில் என்றால் அவர் பார்க்கும்படி எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே பாதிப் பேரின் குரல் தணியும்.

3. அவர் நிலையைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஏழரைக்கு முகூர்த்தம், இந்த நேரத்தில வெந்நீர் வரலைன்னா பதற்றமாத்தான் இருக்கும் சார்." இது புகழ்ச்சியும் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இல்லை. தன் பேச்சு காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

4. ஒரே முறை மன்னிப்புக் கேளுங்கள். "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா" என்ற சொல்லைப் பின்னால் சேர்த்தால் மன்னிப்பு செல்லாமல் போய்விடும். பத்து முறை "சாரி" சொன்னால் அதற்கும் மதிப்பில்லை.

5. வழியும் நேரமும் சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பக்கெட் வெந்நீர் ரூமுக்கு வரும். இல்லைன்னா எதிர்ல 310 காலியா இருக்கு, அங்க குளிச்சுக்கலாம். எது வசதி?" கீசர் ஏன் கெட்டது, எலக்ட்ரீஷியன் ஏன் வரவில்லை என்ற கதை அவருக்கு வேண்டாம்.

6. திரும்பிப் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு போன்: "வெந்நீர் வந்துச்சா சார்?" அவர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை. மாலையில் திரும்புவதற்குள் கீசரைச் சரிசெய்து, லாக் புக்கில் எழுதிவிடுங்கள். பலர் ஐந்தாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். விருந்தினர் ஊருக்குப் போய்ச் சொல்வதோ ஆறாவது படியைத்தான்.

வாக்கியத்தை மாற்றுங்கள்

- "அது என் டிபார்ட்மெண்ட் இல்லை" என்பதற்குப் பதிலாக: "நான் கேட்டுச் சொல்றேன், நீங்க அலைய வேண்டாம்."
- "நீங்க சரியா படிக்கலை" என்பதற்குப் பதிலாக: "அந்த மெசேஜ் குழப்பமா இருந்திருக்கும், நான் சொல்றேன்."
- "டென்ஷன் ஆகாதீங்க" என்பதற்குப் பதிலாக: "உங்க இடத்துல நான் இருந்தாலும் கேட்பேன்."
- "தெரியாது" என்பதற்குப் பதிலாக: "விசாரிச்சிட்டு பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்."
- "முடியாது" என்பதற்குப் பதிலாக: "அது முடியலை சார், இதைச் செஞ்சு தர முடியும்."

குறிப்பு: அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். "அண்ணா", "அக்கா", "அம்மா" என்று கூப்பிட்டால் சிலருக்கு ஒட்டுதல் வரும். சிலருக்கு அளவு மீறியதாகப் படும். "சார்", "மேடம்" என்று தொடங்குங்கள். அவர் உங்களைத் "தம்பி", "பாப்பா" என்று அழைத்தால் நீங்களும் உறவுமுறைக்கு மாறலாம். தமிழ் தெரியாத வட இந்தியக் குடும்பத்திடம் சத்தமாகத் தமிழ் பேசுவதால் புரிந்துவிடாது. மெதுவாக, சைகையோடு, தேவையானால் செல்போன் மொழிபெயர்ப்போடு பேசுங்கள்.

பணம், அடையாள அட்டை: நெருடலான இரண்டு இடங்கள்

நன்றாகப் போன தங்கல் கடைசி ஐந்து நிமிடத்தில் கெடுவது பில் வரும்போது. வரியையும் கூடுதல் கட்டணத்தையும் செக்-இன் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். "வாடகை 2,000, வரி 100, மொத்தம் 2,100; எக்ஸ்ட்ரா பெட் வேணும்னா தனி" என்று முழுத் தொகையையும் சொன்னால் காலையில் வாக்குவாதம் இல்லை.

ரெஸ்டாரண்ட் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விருந்தினர் அந்தத் தொகையைக் கேள்வி கேட்டால் மல்லுக்கு நிற்காமல் நீக்கிவிடுங்கள். அவர் 1915க்குப் போன் செய்து புகார் கொடுக்க முடியும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாள அட்டை கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆதார் தரத் தயங்குபவரிடம் எண் மறைக்கப்பட்ட ஆதாரோ, வேறு அட்டையோ போதுமா என்று உங்கள் மேலாளரிடம் முன்பே கேட்டு வைத்திருங்கள். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே போய்விட்டால் அவருக்குப் பயம் வரும். அவர் கண் முன்னே நகலெடுத்து உடனே கையில் கொடுங்கள்.

சாப்பாட்டு மேசையில்

சர்வருக்கும் சப்ளையருக்கும் பேச நேரம் குறைவு. அதனால் கண்ணால் கவனிப்பதுதான் கைகொடுக்கும்.

1. மேசைக்கு வந்ததும் ஒரு நொடி முகம் பாருங்கள். தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டே வேறு மேசையைப் பார்க்காதீர்கள்.
2. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வேண்டியதை முதலில் கொண்டுவாருங்கள். பிள்ளை அடங்கினால் பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.
3. தாமதம் என்றால் கேட்பதற்கு முன் போய்ச் சொல்லுங்கள்: "ரவா தோசைக்கு இன்னும் எட்டு நிமிஷம் ஆகும், அதுவரை ஒரு வடை கொண்டு வரட்டுமா?"
4. "சாம்பார் ஆறிப்போச்சு" என்றால் வாளியில் கை வைத்துப் பார்க்காதீர்கள், "இப்பத்தான் வந்துச்சு" என்று வாதாடாதீர்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாகக் கொண்டுவாருங்கள்.
5. உணவில் முடியோ பூச்சியோ கிடந்தால் தட்டை உடனே அகற்றுங்கள், சத்தம் போட்டு மாஸ்டரைக் கூப்பிடாதீர்கள். கேப்டனிடம் காதோடு சொல்லுங்கள்.
6. ஒவ்வாமை இருப்பதாக யாராவது சொன்னால் அதை விருப்பு வெறுப்பாக எண்ண வேண்டாம். மாஸ்டரிடம் நேரில் போய்க் கேட்டு உறுதி செய்யாமல் "பரவாயில்லை, சாப்பிடலாம்" என்று சொல்லவே கூடாது. உயிர்ப் பிரச்சினை இது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. பெட்டி தொலைந்து தவிப்பவரிடம் பல்லைக் காட்டினால் கிண்டலாகப் படும். அவர் முகத்துக்கு ஏற்ற முகம் வேண்டும்.
- மனப்பாட வாக்கியம். பயிற்சியில் கொடுத்த வசனத்தை ஒப்பித்தால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கருத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் சொல்லில் பேசுங்கள்.
- சக ஊழியரைக் காட்டிக்கொடுப்பது. "நைட் ஷிப்ட்காரன் பண்ணின வேலை" என்றால் ஹோட்டல் மேலேயே நம்பிக்கை போகும். விருந்தினருக்கு எல்லாரும் ஒரே ஹோட்டல்தான்.
- முடியாததற்கு வாக்குக் கொடுப்பது. அந்த நொடி சமாதானமாகும்; மாலையில் இரட்டைச் சண்டை வரும்.
- கத்துபவருக்கு மட்டும் சலுகை. அமைதியாகக் கேட்டவருக்கு இல்லாததைக் கத்தியவருக்குக் கொடுத்தால், கத்தினால்தான் நடக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள்.
- செல்போன். விருந்தினர் எதிரில் நிற்க, "ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டிவிட்டு ஸ்கிரீனைப் பார்ப்பது. வேலைக்காகப் பார்த்தாலும் அப்படித் தெரியாது.

பாதுகாப்பு: பொறுமைக்கும் எல்லை உண்டு

விருந்தினரின் கோபத்தைப் புரிந்துகொள்ளச் சொல்கிறோம். அவமானத்தை விழுங்கச் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை, கைநீட்டுவது, தொடுவது, போதையில் மிரட்டுவது ஆகியவை புகார் என்ற கணக்கில் வராது. அப்போது வரிசை மாறுகிறது:

1. இரண்டு கை தூரம் விலகி நில்லுங்கள். உங்களுக்கும் வாசலுக்கும் இடையில் அவர் நிற்கும்படி விடாதீர்கள்.
2. ஒரே முறை, உறுதியாக, குரலை உயர்த்தாமல்: "சார், உங்க பிரச்சினையைத் தீர்க்கத்தான் இருக்கேன். இப்படிப் பேசினா என்னால தொடர முடியாது."
3. முன்பே பேசிவைத்த சைகையால் சக ஊழியரை வரவழையுங்கள். டூட்டி மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு நகருங்கள்.
4. மிரட்டல் தொடர்ந்தால் 112. மயக்கம், நெஞ்சுவலி என்றால் 108.
5. நடந்ததை அன்றே நேரம், இடம், பார்த்தவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். சிசிடிவி பதிவு அழிவதற்கு முன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பெண் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விருந்தினரால் வரும் தொல்லைக்கும் பொருந்தும், வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் அறையில் விருந்தினர் இருக்கும்போது கதவைத் திறந்து வைத்து, வண்டியை வாசலில் நிறுத்தி வேலை செய்யுங்கள். சங்கடமாக உணர்ந்தால் வேலையைப் பாதியில் விட்டு வெளியே வர உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. தனியாக வந்து அறையை விட்டு வெளியே வராதவர், சாப்பாட்டைத் தொடாதவர், அழுதுகொண்டிருப்பவர், "இனிமே எதுவும் வேண்டாம்" என்பது போலப் பேசுபவர் கண்ணில் பட்டால் அலட்சியம் வேண்டாம். மேலாளரிடம் உடனே சொல்லுங்கள். கதவைத் தட்டி "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108ஐ அழையுங்கள், தனியே விடாதீர்கள்.

உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில், முகபாவத்தையும் மனநிலையையும் வேலைக்காகக் கட்டுப்படுத்துவதும் உழைப்புதான் என்று காட்டினார். பெட்டி தூக்கினால் தோள் வலிப்பதுபோல இதிலும் களைப்பு வரும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நாள் முழுக்க நடிப்பது சீக்கிரம் ஆளைத் தேய்த்துவிடும். "இவர் ஏன் இப்படிக் கத்துகிறார்?" என்று ஒரு கேள்வி கேட்டு அவர் நிலையை உண்மையாகவே எண்ணிப் பார்த்தால் பாரம் குறையும்.

- கடுமையான விருந்தினருக்குப் பின் மூன்று நிமிடமாவது கவுண்டரை விட்டு நகருங்கள். முகம் கழுவுங்கள்.
- "அவர் திட்டியது ஹோட்டலை, என்னை அல்ல" என்று பிரித்துப் பாருங்கள்.
- ஷிப்ட் முடிந்ததும் மனதில் நிற்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.
- தூக்கம் கெடுவது, வேலைக்குக் கிளம்பும்போதே வயிறு கலங்குவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் 14416 உங்களுக்குமானதுதான்.

மேற்பார்வையாளருக்கு

ஊழியரிடம் பரிவை எதிர்பார்த்துவிட்டு அதிகாரத்தைப் பூட்டி வைத்தால் பலன் இல்லை. ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க ஊழியர் மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிடலாம் என்பது பிரபலமான ஏற்பாடு. நாற்பது அறை லாட்ஜுக்கு அது பொருந்தாது. ஆனால் ஒரு பட்டியல் எழுதி ஒட்டலாம்: ஐந்து காபி வரை இலவசம், காலியாக இருந்தால் அறை மாற்றம், ஒரு மணி நேரம் தாமதச் செக்-அவுட், பில்லில் 300 ரூபாய் வரை குறைப்பு. இவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், லாக் புக்கில் எழுதினால் போதும்.

கூடவே மூன்று விஷயங்கள்:

1. விருந்தினர் முன்னால் ஊழியரைத் திட்டாதீர்கள். உங்களிடம் பேச்சு வாங்கியவர் அடுத்த விருந்தினரிடம் முகம் கொடுக்க மாட்டார்.
2. உட்கார இருக்கை கொடுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தமே செய்தது. ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுவதால் மரியாதை குறையாது.
3. நல்ல விமர்சனத்தில் ஊழியர் பெயர் வந்தால் அதைப் பிரிண்ட் எடுத்துப் பணியாளர் அறையில் ஒட்டுங்கள். கெட்டது வந்தால் தனியே அழைத்து, எந்தப் படியில் பிசகியது என்று மட்டும் பேசுங்கள்.

ஒரு வாரப் பயிற்சி

- முதல் நாள்: ஒவ்வொரு விருந்தினரின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். வேறெதுவும் மாற்ற வேண்டாம்.
- 2ஆம் நாள்: மறிக்காமல் கேட்பது.
- 3ஆம் நாள்: அவர் நிலையை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்வது.
- 4ஆம் நாள்: எந்தப் பதிலிலும் கடிகார நேரம் சேர்ப்பது.
- 5ஆம் நாள்: "முடியாது" என்ற இடத்தில் மாற்று வழி ஒன்று.
- 6ஆம் நாள்: ஒவ்வொரு புகாருக்கும் திரும்பப் போன்.
- 7ஆம் நாள்: லாக் புக்கைப் புரட்டி, எந்தப் படியில் தடுமாறினீர்கள் என்று குறித்து, அடுத்த வாரம் அதையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. இந்தப் பட்டியலில் உங்களுக்கு எளிதாகத் தோன்றும் ஒரு படியை நாளைய ஷிப்டில் தொடங்குங்கள். அது பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.